கை தூக்கின தெரு

படகுக்கும் சட்டை வேணும்னு உறையக்கா சொல்லுவாங்க. வெயில் பட்டா பெயிண்ட் உரியும், மழை பட்டா மெத்தை நாறும், பறவை வந்து உக்காந்தா கேக்கவே வேணாம். அதனால படகுத்துறையில நிக்கிற பணக்காரப் படகுங்களுக்கு மூக்கிலேருந்து வால் வரைக்கும் கான்வாஸ்ல உறை தெச்சுக் கொடுக்குறது அவங்க வேலை. பேரும் அதுலேருந்து வந்ததுதான். விவரம் தெரியாம யாராவது தலகாணி உறை கேட்டு வாசல்ல வந்து நின்னா, மூஞ்சிய மாத்தாம கேப்பாங்க: "தலகாணி எத்தனை அடி? இன்ஜின் உள்ள இருக்கா, வெளிய தொங்குதா?"

தெருன்னா ஒரு பக்கம் பூரா மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் படகுத்துறை. இந்தப் பக்கம் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு சின்னச் சின்ன வீடு, அப்புறம் மதிலோரமா ரெண்டு மூணு வாடகை வீடு. காத்தடிச்சா கயிறுங்க பாய்மரத்துல மோதி டிங் டிங்னு ஒரே சத்தம். புதுசா வர்றவங்களுக்குத் தூக்கம் வராது. பழகினவங்களுக்கு அது நின்னாத்தான் தூக்கம் கலையும்.

உறையக்கா வீட்டு முன்ரூம்ல நாற்காலி கிடையாது. பெரிய தையல் மிஷின் ஒண்ணு, அது பக்கத்துல கதவைக் கழட்டிப் பண்ணின மேசை, சுவரோரமா கான்வாஸ் ரோல். யார் வந்தாலும் ரோல் மேலதான் உக்காரணும். "நீலத்துல உக்காராதீங்க, அது வெளிநாட்டு ஆளோடது. பச்சையில உக்காருங்க, அவன் ஏமாத்துப் பேர்வழி"ன்னு இடம் காட்டுவாங்க.

வீட்டுக்காரர் படகுத்துறை டீசல் பம்புல வேலை. தெருவுல அவரை எல்லாரும் 'ம்'முன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அவர் வாயிலேருந்து வேற ஒண்ணும் வராது. சின்ன 'ம்'னா சரி. இழுத்த 'ம்ம்ம்'னா முடியாது. மூக்கு வழியா மேல ஏறிப்போற 'ம்?'னா, சாப்பாடு ஆச்சா. அக்கா பேசுறதெல்லாம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்.

எதிர்ல வாடகை வீட்டுல லாண்டரிக்காரம்மா. படகுங்களோட பெட்ஷீட்டு, டவலு எல்லாம் அங்கதான் வெளுத்து மடியும். அவங்களும் உறையக்காவும் ஒருத்தரை ஒருத்தர் 'சம்பந்தி'ன்னு கூப்பிட்டுக்குவாங்க. ரெண்டு பேரோட புள்ளைங்களும் தொட்டில்ல கிடந்தப்ப, இதுக்கு அதைக் கட்டி வெச்சிருவோம்னு விளையாட்டுக்குச் சொன்னது. அதுங்க வளந்து, மூஞ்சியக் கூடப் பாக்காம, ஆளுக்கொரு ஊர்ல ஆளுக்கொருத்தரைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சுங்க. கல்யாணம் நடக்கல, சம்பந்தம் மட்டும் நிலைச்சுப் போச்சு.

"சம்பந்தி, உன் மருமக என்ன பண்றா?"

"என் புள்ளையக் கட்டாதவளா? நல்லாத்தான் இருப்பா. உன் மருமகன்?"

"என் பொண்ணைக் கட்டாததால முடி கொட்டாம இருக்கானாம்."

தினம் இதே பேச்சு. தினம் அதே சிரிப்பு.

இப்படி வாய் ஓயாத அக்காவுக்குள்ள ஒரு பயம் உண்டு. அது வேற யாருக்கும் தெரியாது, சம்பந்திக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். சின்னப் பொண்ணா இருந்தப்பவே அம்மா செத்துப்போயி, அக்கா சித்தி வீட்டுல வளந்தாங்க. சித்தி ஒண்ணும் கதையில வர்ற சித்தி மாதிரி இல்ல. அடிச்சது கிடையாது, சாப்பாட்டுல குறை வெச்சது கிடையாது. ஆனா ஒரு நாள் கதவுக்குப் பின்னாடி நின்னப்ப ரெண்டு வார்த்தை காதுல விழுந்துருச்சு. சித்தப்பா, "இது இங்கயே இருந்துருமா?"ன்னாரு. சித்தி, "இருக்கட்டுங்க. கை ஓடுது, கால் ஓடுது. வீட்டுக்கு உபகாரமா இருக்கு"ன்னாங்க.

அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்ல. ஆனா அன்னிலேருந்து அந்தப் பொண்ணு சும்மா உக்காரவே இல்ல. கிழிஞ்சதைத் தெச்சுச்சு, தெச்சதைத் துவைச்சுச்சு, துவைச்சதை மடிச்சுச்சு. உபகாரமா இருக்குற வரைக்கும்தான் இடம்னு எங்கயோ ஆழமாப் போய் உக்காந்துருச்சு. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தப்ப மாமியார், "ஏம்மா, வந்த அன்னிக்கே வீட்டைத் தலைகீழாப் பெருக்குற? கொஞ்சம் உக்காரேன்"னு சொன்னதுக்கு, உக்காரச் சொல்றாங்களே, நம்மளப் புடிக்கலையோன்னு அழுதுச்சாம்.

உறை வேலை வந்ததும் அதே வழியிலதான். ஒரு தடவை காத்துல ஒரு படகு உறை பிச்சுக்கிட்டு மதில் தாண்டி இவங்க கூரை மேல வந்து விழுந்துச்சு. வேற யாராயிருந்தாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. இவங்க உக்காந்து, கிழிஞ்ச இடத்தையெல்லாம் ரெட்டைத் தையல் போட்டு, மூலைக்கு மூலை தோல் வெச்சு, அப்புறம் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. அடுத்த வாரம் அந்தப் படகு ஓனரோட ஃப்ரெண்டு தனக்கும் உறை வேணும்னு வந்து நின்னாரு. அதுக்கப்புறம் மிஷின் ஓயல.

அப்படி இருக்கும்போதுதான் மதில்ல நகரசபை அறிவிப்பு ஒண்ணு ஒட்டினாங்க. படகுத்துறையைப் பெருசாக்கப் போறாங்களாம். படகு நிறுத்த ஷெட்டு, கடைங்க, கார் பார்க்கிங். அதுக்காக இந்தத் தெருவைக் குடியிருப்பு மண்டலத்துலேருந்து வணிக மண்டலமா மாத்தக் கேட்டிருக்காங்க. ஆட்சேபணை இருந்தா விசாரணைக்கு வந்து சொல்லலாம்.

படிச்சு முடிச்சதும் கயித்து மாமாதான் முதல்ல வாயத் திறந்தாரு. அவரு படகுக் கயிறு முறுக்கிப் பின்னிக் கொடுக்குறவரு, பேச்சும் அப்படித்தான் முறுக்கிக்கிட்டே வரும். "மண்டலம் மாறினா நமக்கென்னய்யா? நாம மாறாம இருந்தாப் போச்சு."

"மாமா, வணிக மண்டலம்னா வாடகைக்கு வீடு விட முடியாது. கடையாத்தான் விடணும். மதிலோர வீட்டுக்காரங்க எல்லாரையும் ஓனர் அடுத்த நாளே அனுப்பிருவான்"னாங்க ஒரு சின்னப் பொண்ணு. அவங்கதான் குட்டி வக்கீல். இலவச சட்ட உதவி ஆபீஸ்லேருந்து தெருவுக்காக வந்தவங்க. மூச்சு விடாம, முற்றுப்புள்ளியையே முழுங்கிட்டுப் பேசுவாங்க. "சொந்த வீட்டுக்காரங்க இருக்கலாம் ஆனா இடிச்சுக் கட்ட முடியாது புள்ளைங்களுக்கு வீடா எழுதிக் கொடுக்க முடியாது புரியுதா?"

சம்பந்தி உறையக்காவைப் பாத்தாங்க. உறையக்கா சம்பந்தியைப் பாத்தாங்க. யாரு முதல்ல வீட்டைக் காலி பண்ணணும்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுபோச்சு.

"தெரு சார்பா யாராவது ஒருத்தர் பேசணும்"னு குட்டி வக்கீல் சொன்னதும் எல்லாக் கண்ணும் உறையக்கா பக்கம் திரும்பிச்சு. வேற யாரு இருக்கா? கயித்து மாமா பேசினா முடியவே முடியாது. 'ம்' பேசினா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

"அக்கா, ரொம்ப சிம்பிள்"னாங்க குட்டி வக்கீல். "இங்க எப்படிக் குடியிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சமைக்கிறோம், தூங்குறோம், புள்ளைங்க இங்கதான் படிச்சு வளந்துச்சு. அது போதும். வேலை வெட்டி பத்தியெல்லாம் வேணாம்."

வேலை பத்தி ஏன் வேணாம்னு சொல்றதுக்குள்ள போன் வந்துருச்சு, குட்டி வக்கீல் ஓடிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் பூரா உறையக்காவுக்கு மனசு ஆறல. "கேட்டியா சம்பந்தி? வேலையைப் பத்திச் சொல்லக் கூடாதாம். நாம வெளுக்குறது, தெக்கிறதெல்லாம் சபையில சொன்னா அந்தப் பொண்ணுக்குக் கேவலமாம்."

"படிச்ச பொண்ணு, ஏதாவது காரணம் இருக்கும்."

"என்ன காரணம்? தூங்குறோம், திங்குறோம்னு போய்ச் சொன்னா எவன் மதிப்பான்? தூங்குறவளுக்கு எவன்டி இடம் கொடுப்பான்? நம்மாள என்ன உபகாரம்னு காட்டணும். நாம இல்லைன்னா அந்தப் படகு ஒண்ணும் நகராதுன்னு காட்டணும். அப்பத்தான் கை வைக்க யோசிப்பான்."

சம்பந்தி கொஞ்ச நேரம் டவலை மடிச்சாங்க. "அதுவும் சரிதான்"னாங்க.

விசாரணை அன்னிக்குத் தெருவே கிளம்பிப் போச்சு. நகரசபைக் கூடம்னா பெருசா நெனைச்சிருந்தாங்க. போனா பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒரு ரூம், மேல ஃபேன் ஒண்ணு சுத்தலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கு. நடுவுல தலைவர். அவரு ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஆக'ன்னு ஆரம்பிச்சு, 'பார்ப்போம்'னு முடிப்பாரு. அவருக்கு இந்தப் பக்கம் நகரசபைத் திட்ட அதிகாரி மேடம். அந்தப் பக்கம் படகுத்துறைக்காரங்க வக்கீல், புள்ளைக்கு மருந்து ஊட்டுற மாதிரி அவ்வளவு இனிப்பான குரல்.

முதல்ல மேடம்தான் பேசினாங்க. தெருவை நேர்ல போய்ப் பாத்ததாகவும், வீடுகளைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படலன்னும், போர்டு கூட எங்கயும் இல்லன்னும், ஆகவே குடியிருப்பாவே விடலாம்னு தனக்குத் தோணுதுன்னும் சொன்னாங்க. காகிதத்தைப் பாத்துப் படிச்சதால பாதி பேருக்குப் புரியல. அந்தப் பாதியில உறையக்காவும் உண்டு. அவங்க அப்ப வாய்க்குள்ளயே தன் பேச்சை ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"ஆக, தெரு சார்பா யாரு? பேசுங்க. பார்ப்போம்."

உறையக்கா எழுந்தாங்க. மைக் உயரமா இருந்துச்சு. அதை இழுத்துத் தன் உயரத்துக்குக் கொண்டு வந்தாங்க, தையல் மிஷின்ல துணியை அமுக்குற பாதத்தை இறக்குற மாதிரி.

"ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவைப் பாத்தா சும்மா பத்துப் பதினஞ்சு வீடுன்னு நெனைப்பீங்க. வெளியிலேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். உள்ள வந்து பாக்கணும். அந்தப் படகுத்துறையே எங்க வீட்டுக்குள்ளதான் ஓடுது."

குட்டி வக்கீல் பின்னாலேருந்து முந்தானையை இழுத்தாங்க. நேரம் ஆகுதுன்னு சொல்றாங்க போலன்னு அக்கா இன்னும் வேகமாப் பேச ஆரம்பிச்சாங்க.

"படகுல படுக்குறாங்களே, அந்தப் பெட்ஷீட்டு யாரு வெளுக்குறது? லாண்டரி, கை தூக்கு சம்பந்தி. ஒரு கையில்ல, ரெண்டு கையையும் தூக்கு. கயிறு? மாமா, தூக்குங்க. பேட்டரி சார்ஜ் போடுறது? இந்தா, கடைசி வரிசையில நிக்கிறான் பாருங்க. படகுக்கு அடியில சுத்துற காத்தாடிக்குப் பாலிஷு? கை. தூண்டிலு, வலை, சமையல் அடுப்பு ரிப்பேரு? கை, கை, கை. படகுக்குச் சட்டை தெக்கிறது நான். இதோ, ரெண்டு கையும்."

ஒவ்வொரு கையா எழும்பிச்சு. தூக்கினவங்க கீழ இறக்கல. தெருவே கையைத் தூக்கிக்கிட்டு, என்னமோ பரிசு வாங்கின மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு. யாரோ கை தட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் எல்லாரும். அந்தக் களேபரத்துல 'ம்' கூட எழுந்து கையைத் தூக்கி, தன் வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு கூட்டத்துல ஒரு முழு வார்த்தை சொன்னாரு.

"டீசல்."

கைதட்டல் கூரைக்குப் போச்சு. குட்டி வக்கீல் மட்டும் கையை முட்டிக்கு நடுவுல வெச்சுக்கிட்டுத் தரையைப் பாத்தாங்க.

இனிப்புக் குரல்காரர் மெல்ல எழுந்தாரு. "அம்மா ரொம்ப அழகாச் சொன்னாங்க. எனக்கு இதுல சேக்க ஒண்ணுமே இல்லைங்க. இந்தத் தெரு ஏற்கனவே தொழில் நடக்குற தெருதான், அதை அப்படியே ஏத்துக்கிட்டாப் போதும்னுதான் நாங்களும் கேக்குறோம். இத்தனை பேர் கை தூக்கிச் சொல்லிட்டாங்க. நன்றிங்கம்மா." உக்காந்துட்டாரு.

தலைவர் மேடத்தைப் பாத்தாரு. மேடம் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாங்க. "நான் போனப்ப எனக்கு இதெல்லாம் தெரியலைங்க"ன்னாங்க. "இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. இனி என்னால தெரியாதுன்னு எழுத முடியாது."

"ஆக," அப்படின்னாரு தலைவர். 'பார்ப்போம்'னு சொல்லவே இல்ல.

திரும்பி வரும்போது பஸ்ல ஒரே கும்மாளம். கயித்து மாமா உறையக்கா மாதிரியே பேசிக் காட்டினாரு, "கை, கை, கை"ன்னு. சம்பந்தி சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் புடிச்சுக்கிட்டாங்க. குட்டி வக்கீல் பஸ் இறங்குற வரைக்கும் ஒண்ணும் பேசல. இறங்கினதும், முதல் தடவையா நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி, நடந்தது என்னன்னு சொன்னாங்க. வீடுங்க வீடா மட்டும் இருந்தாத்தான் குடியிருப்பு. உள்ள தொழில் நடக்குதுன்னு காட்டுறதுக்குத்தான் அந்த வக்கீல் இத்தனை நாளா ஆதாரம் தேடிக்கிட்டு இருந்தாரு.

"நான் அன்னிக்கே காரணத்தைச் சொல்லியிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்குக்கா."

அக்கா முகத்துல ஈயாடல. தெரு ஆளுங்க ஒவ்வொருத்தரா வீட்டுக்குள்ள போனாங்க. கதவு சாத்துற சத்தம் மட்டும் வரிசையாக் கேட்டுச்சு.

ரெண்டு நாள் படுத்தே கிடந்தாங்க. மூணாம் நாள் எழுந்து, பாதியில நின்ன நீல உறையைக் கொஞ்சம் தெச்சுட்டு, அப்படியே நேரா மேடம் ஆபீசுக்குப் போனாங்க.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது பூரா பொய். சும்மா பெருமைக்குச் சொன்னேன். எங்க தெருவுல யாரும் ஒரு வேலையும் செய்யிறதில்ல. நாங்க சாப்பிட்டுத் தூங்குறவங்க."

மேடம் கோவப்படல. அதுதான் கஷ்டமாப் போச்சு. அவங்க உறையக்கா வலது கையைப் பாத்தாங்க. கெட்டி ஊசியைத் தள்ளுறதுக்கு உள்ளங்கையில மாட்டுற தோல்பட்டையை அக்கா கழட்ட மறந்துட்டு வந்திருந்தாங்க. முழங்கை பூரா நீலக் கான்வாஸ் நூல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"வீட்டுக்குப் போங்கம்மா"ன்னாங்க மேடம், மெதுவா.

உத்தரவு வந்துச்சு. தெரு வணிக மண்டலம் ஆச்சு. குட்டி வக்கீல் அப்பீல் போட்டாங்க, நிக்கல. மதிலோர வீட்டு ஓனர் ஒரே வாரத்துல வந்து நின்னாரு.

உறையக்காவை யாரும் திட்டல. திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். கயித்து மாமா மட்டும் ஒரு தடவை, "என்ன பேச்சு, என்ன பேச்சு. ரேடியோவுல போட்டிருக்கணும்"னாரு. அதுவும் அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லல, கயித்தைப் பாத்துத்தான் சொன்னாரு. பேட்டரிக்காரன் எதிர்ல வந்தா தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனான்.

சம்பந்தி பேச்சை நிறுத்தல. வாசல்ல பாத்தா, "சாப்பிட்டீங்களாக்கா?"ன்னாங்க. நல்லாத்தான் கேட்டாங்க. ஆனா 'நீ' போயி 'நீங்க' வந்துருச்சு, 'சம்பந்தி' போயி 'அக்கா' வந்துருச்சு. இத்தனை வருசத்துல யாரும் உறையக்காவுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தது இல்ல. கொடுத்த மரியாதையை எங்க வெக்கிறதுன்னு தெரியாம அவங்க உள்ள போயி மிஷின்ல உக்காந்தாங்க. உக்காந்துட்டு, மிதிக்கல.

"அவளுக்கு நம்ம பின்ரூமைக் கொடுத்துருவோமா?"ன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க.

சின்ன 'ம்' வந்துச்சு.

போய்ச் சொன்னாங்க. சம்பந்தி சிரிச்சாங்க. "ரெண்டு வாஷிங் மிஷின், அயர்ன் மேசை, என் வீட்டுக்காரர் குறட்டை. உங்க பின்ரூம்ல எதை வெக்கிறது, எதை விடுறது? வேணாங்க. என் தம்பி ஊருக்குப் போறோம்." அப்புறம், "அங்க படகு இல்ல. பாக்கலாம்"னாங்க.

காலி பண்ற அன்னிக்கு உறையக்கா விடிஞ்சதுமே போய் நின்னாங்க. பாத்திரத்தைக் காகிதத்துல சுத்த உக்காந்தாங்க. சம்பந்தியோட தம்பி பொண்டாட்டி வந்து, "குடுங்க, நான் பாத்துக்குறேன்"னு வாங்கிட்டாங்க. துணிமூட்டை கட்டப் போனாங்க. அது ஏற்கனவே கட்டியாச்சு. வாஷிங் மிஷினுக்குக் கை கொடுக்கப் போனாங்க. ரெண்டு ஆளுங்க, "தள்ளி நில்லுங்கம்மா, கால்ல போட்டுக்காதீங்க"ன்னாங்க. எந்தப் பக்கம் போனாலும் வழியை மறைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

எல்லாத்தையும் ஏத்தினப்புறம் சம்பந்தி வந்து பக்கத்துல நின்னாங்க. ரெண்டு பேரும் மதிலைப் பாத்தாங்க.

"என் மேல கோவம்னா கோவம்னு சொல்லிட்டுப் போ"ன்னாங்க உறையக்கா.

"கோவம் இல்ல."

"பின்ன?"

"நீ பேசினே. நான் ரெண்டு கையையும் தூக்கினேன். எவ்வளவு சந்தோசமாத் தூக்கினேன் தெரியுமா? இத்தனை வருசம் அழுக்குத் துணி வெளுத்தவளை ஒரு சபையில எழுப்பி நிறுத்திச் சொன்னியே. அந்தச் சந்தோசம் பொய்யில்ல. அதனாலதான் உன்னப் பாக்க முடியல. உன்னப் பாத்தா என் கை ஞாபகம் வருது."

லாரிக்காரன் ஹார்ன் அடிச்சான். சம்பந்தி போய் ஏறினாங்க. கை காட்டல. உறையக்காவும் காட்டல. ரெண்டு பேருமே கையைக் கீழயே வெச்சுக்கிட்டாங்க.

லாரி முக்கு திரும்பினப்புறம் உறையக்கா காலி வீட்டுக்குள்ள போனாங்க. சோப்பு வாசம் அப்படியே இருந்துச்சு. மிஷின் நின்ன இடத்துல ரெண்டு வெள்ளைக் கட்டம். மூலையில ஒரு பழைய துடைப்பம். அதை எடுத்து உள்ரூம்லேருந்து கூட்ட ஆரம்பிச்சாங்க. பஞ்சு, நூலு, உடைஞ்ச கிளிப்பு எல்லாத்தையும் ஒண்ணாத் தள்ளிக்கிட்டு வந்தாங்க.

டீசல் பம்புலேருந்து சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் உள்ரூம் வாசல்ல நின்னு பாத்தாரு.

"திங்கக்கிழமை இடிக்கிறாங்க"ன்னாரு. அவருக்கு அது பெரிய பேச்சு.

"தெரியும்"னாங்க உறையக்கா. "காலைக் கொஞ்சம் தூக்குங்க."

அவரு காலைத் தூக்கினாரு. அவங்க கீழ கிடந்த குப்பையைக் கூட்டிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போனாங்க.